பானைக்குள் ஒரு காடு: கியூபாவின் பாலோ மதம், ஓர் எளிய அறிமுகம்

பாலோ என்றால் ஸ்பானிய மொழியில் குச்சி, கட்டை. ஒரு மதத்துக்கு இப்படி ஒரு பெயரா என்று முதலில் தோன்றும். ஆனால் கியூபாவில் பாலோ மோந்தே, பாலோ மயோம்பே என்றெல்லாம் அழைக்கப்படும் இந்த மதத்தைப் புரிந்துகொள்ள அந்தக் குச்சியைப் பிடித்துக்கொண்டே போகலாம். காட்டுக்குப் போய், இன்ன மரம் என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த மரத்திடம் அனுமதி கேட்டு, அடியில் ஒரு காசோ கொஞ்சம் சாராயமோ வைத்துவிட்டு வெட்டிக்கொண்டு வரும் குச்சிகள்தான் இவர்கள் கும்பிடும் பானையின் விளிம்பெங்கும் செருகப்பட்டு வேலி மாதிரி நிற்கின்றன. ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு பெயர், ஒரு குணம், ஒரு வேலை. மோந்தே என்றால் காடு. மயோம்பே என்பது ஆப்பிரிக்காவில், கோங்கோ ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே இருக்கும் ஒரு மலைக்காட்டுப் பகுதி. கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த ஒரு காட்டின் பெயரை, தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கம் யாரோ சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது அதுதான்.

இணையத்தில் தேடினால் மண்டையோடு, இரும்புச் சட்டி, சங்கிலி, ரத்தம் என்று படங்களாக வந்து விழும். பயமுறுத்தும் தலைப்புகளும் கூடவே வரும். அந்தப் பயத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டுப் படியுங்கள். இதில் தவறே கிடையாது என்று சொல்ல நான் வரவில்லை. எனக்கு ஒப்பாத விஷயங்கள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் அது என்னவென்று தெரிந்துகொண்ட பிறகு ஒப்பாமல் போவது வேறு, தெரியாமலே பயப்படுவது வேறு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கரீபியத் தீவுகளில் ஆப்பிரிக்க வேர் கொண்ட மதங்கள் பல இருக்கின்றன, எல்லாவற்றையும் வூடூ என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுவது பலரின் வழக்கம். வூடூ ஹைட்டியினுடையது. கியூபாவில் அதிகம் பேசப்படும் சாந்தேரியா, இன்றைய நைஜீரியப் பக்கத்து யொரூபா மக்களிடமிருந்து வந்தது. ஷாங்கோ, ஒஷூன், யெமாயா என்று அழகழகான தெய்வங்கள், நிறம் நிறமாய் மணிமாலைகள். பாலோவின் வேர் அங்கே இல்லை. அது இன்னும் தெற்கே, மத்திய ஆப்பிரிக்காவில், இன்றைய அங்கோலாவின் வடபகுதியிலும் இரண்டு கோங்கோ நாடுகளிலும் வாழும் பகோங்கோ மக்களுடையது. அவர்கள் பேசும் கிகோங்கோ, பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்வாஹிலியும் ஜூலுவும்கூட அதே குடும்பம்தான், ஆப்பிரிக்காவின் தெற்குப் பாதி முழுக்கப் பரவிய பெரிய குடும்பம். அதனால்தான் பாலோவை பாண்டு வேர் கொண்ட மதம் என்கிறார்கள். கியூபாவில் இதற்கு இன்னொரு பெயர் ரெக்லா தே கோங்கோ, அதாவது கோங்கோக்காரர்களின் நெறி.

பகோங்கோ மக்களுக்கு ஒரு பெரிய அரசு இருந்தது. போர்ச்சுகீசியர் வந்து சேர்ந்த சில ஆண்டுகளிலேயே, 1491இல், அந்த அரசர் ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானார். அதே போர்ச்சுகீசியரோடு அடிமை வியாபாரமும் வளர்ந்தது. கியூபாவுக்கு மட்டும் ஏறக்குறைய எட்டு லட்சம் ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பகுதி வந்தது அந்த வியாபாரத்தின் கடைசி நூறு ஆண்டுகளில்தான், ஏனென்றால் 1791இல் ஹைட்டியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்து அங்கே கரும்புத் தோட்டங்கள் அழிந்தபோது, உலகத்துக்குச் சர்க்கரை கொடுக்கும் இடமாக கியூபா மாறியது. 1820இலேயே சட்டப்படி அடிமைக் கப்பல்களுக்குத் தடை வந்துவிட்டது, ஆனாலும் 1860கள் வரை கள்ளத்தனமாக ஆட்களை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அடிமைமுறை ஒழிந்தது 1886இல். அவ்வளவு சமீபம். ஊர்களில் ஸ்பானிய அரசே கபில்தோ என்ற சங்கங்களை அனுமதித்திருந்தது. கோங்கோக்காரர்களுக்கு ஒன்று, யொரூபாக்களுக்கு ஒன்று என்று இனவாரியாக. நோயாளிக்கு உதவி, செத்தால் அடக்கச் செலவு, விழாவுக்கு மேளம். இந்தச் சங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களின் கொட்டடிகளிலும்தான் பாலோ உருவாகியது.

சரி, நம்பிக்கைக்கு வருவோம். மேலே ஒரு கடவுள் இருக்கிறார், பெயர் ன்சாம்பி. உலகத்தைப் படைத்தவர். படைத்துவிட்டுத் தூரமாய்ப் போய்விட்டவர், அவரிடம் போய் வேலை வாங்க முடியாது, அவருக்குப் படையலும் இல்லை. அவருக்குக் கீழே ம்புங்கு என்று சில பெரிய சக்திகள். இரும்புக்கு சரபாந்தா, இடிமின்னலுக்கு ன்சாசி, ஆற்றுக்கு சோலா, கடலுக்கு மாத்ரே தே அகுவா, அதாவது தண்ணீர் அம்மா. சாந்தேரியாவின் தெய்வங்களோடும் கத்தோலிக்கப் புனிதர்களோடும் இவர்களை ஜோடி சேர்த்துச் சொல்வார்கள், அந்தப் பட்டியல் எங்கேயும் கிடைக்கும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஏனென்றால் பாலோவின் உயிர் அங்கே இல்லை. இறந்தவர்களிடம் இருக்கிறது.

ஒரு வட்டம் வரைந்து அதற்குள் ஒரு சிலுவை போடுங்கள். கிடைக்கோட்டுக்கு மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே இறந்தவர்கள். சூரியன் கிழக்கே எழுந்து உச்சிக்கு வந்து மேற்கே விழுந்து, நமக்கு இரவாக இருக்கும்போது கீழே இருப்பவர்களுக்குப் பகலாகிறது. மனிதனும் அப்படியே பிறந்து, வளர்ந்து, விழுந்து, அங்கே போய் மறுபடி எழுகிறான். இது பகோங்கோ மக்கள் உலகத்தை வரைந்த விதம். அந்தக் குறுக்குக் கோட்டின் பெயர் கலுங்கா. அது தண்ணீர். ஆறு, கடல், எந்தத் தண்ணீருக்கும் அந்தப் பக்கம் இறந்தவர்களின் ஊர் இருக்கிறது. இப்போது ஒரு கணம் அந்தக் கப்பலில் இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கலுங்காவைத் தாண்டினால் சாவு என்று பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்களை, கரை தெரியாத தண்ணீருக்கு மேலே வாரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பாலோவில் இன்றும் கடலுக்குப் பெயர் கலுங்காதான்.

முன்னோரின் சமாதி அந்தப் பக்கம் இருந்துவிட்டது. கும்பிட, குறைசொல்ல, கேட்டு வாங்க, போய் நிற்க ஓர் இடம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் என்ன செய்வார்கள்? புது மண்ணில் யார் இறந்து கிடக்கிறார்களோ அவர்களோடு உறவு வைத்துக்கொண்டார்கள். பாலோவை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ரத்த உறவு அறுந்த இடத்தில், யாரென்றே தெரியாத ஓர் இறந்தவரோடு ஓர் உடன்படிக்கை.

அந்த உடன்படிக்கை வசிக்கும் இடம்தான் பானை. அதன் பெயர் ங்காங்கா. வேடிக்கை என்னவென்றால், ஆப்பிரிக்காவில் ங்காங்கா என்றால் ஆள், மருந்தும் மந்திரமும் தெரிந்த வைத்தியர். பொருளுக்கு அங்கே ங்கிசி என்று பெயர்: மூட்டையிலோ, சிப்பியிலோ, மரப்பொம்மையிலோ மண்ணும் மூலிகையும் வைத்துக் கட்டி, ஒரு சக்தியைக் குடியேற்றிய பொருள். உடம்பெல்லாம் ஆணி அடித்த கோங்கோ மரச்சிலைகளை ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் படங்களில் பார்த்திருப்பீர்கள், அவையும் ங்கிசிதான். ஒவ்வோர் ஆணியும் ஒரு சத்தியம், ஒரு வழக்கு. கியூபாவில் வைத்தியரின் பெயர் பானைக்கு வந்துவிட்டது, சிலைகள் போய் இரும்புச் சட்டி வந்தது. ஸ்பானிய மொழியில் அதையே பிரெந்தா என்பார்கள். அடகு, நகை என்ற இரண்டு பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு, இரண்டும் பொருந்துகிறது.

ஒரு ங்காங்காவைக் கிட்டப்போய்ப் பார்த்தால் முதலில் தெரிவது குச்சிகள்தான். நடுவில் மூன்று கால் வைத்த இரும்புச் சட்டி, சிலரிடம் மண்பானை. உள்ளே அடியில் மண்: இடுகாட்டு மண், நாற்சந்தி மண், ஆற்றங்கரை மண், மருத்துவமனை வாசல் மண், சந்தை மண். எறும்புப் புற்று மண்ணும் உண்டு, எறும்புபோல் ஓயாமல் வேலை நடக்க. பறவை எலும்பு, பாம்பு, காட்டு விலங்கின் கொம்பு, சிப்பி, கல், காசு. சரபாந்தாவின் சட்டி என்றால் சுற்றிலும் சங்கிலி, லாடம், ஆணி, பழைய கத்தி. இலவ மரத்தின் அடி மண்ணும் கட்டையும் முக்கியம். நமக்கு இலவம்பஞ்சு தரும் அதே மரம்தான், கியூபாவில் அதை யாரும் சும்மா வெட்டத் துணியமாட்டார்கள், இறந்தவர்கள் அதன் அடியில் கூடுகிறார்கள் என்று நம்பிக்கை. இத்தனையும் சேர்ந்தால் சட்டிக்குள் ஓர் உலகமே சுருங்கி வந்துவிடுகிறது. காடு, ஆறு, தெரு, இடுகாடு எல்லாம் ஒரு கை அகலத்தில்.

அந்த உலகத்துக்குள் ஓர் ஆள் வேண்டும். அவர்தான் ன்ஃபும்பே, இறந்தவரின் ஆவி. குரு இடுகாட்டுக்குப் போய் ஒரு சமாதியருகில் சாராயம் தெளித்து, சுருட்டுப் புகை ஊதி, "எங்களோடு வந்து வேலை செய்கிறாயா, உனக்குச் சாப்பாடு போடுகிறோம், கவனித்துக்கொள்கிறோம்" என்று பேரம் பேசுவார். ஒப்புக்கொண்டால் கூலியாகக் காசு வைப்பார். ஒப்புக்கொண்டதை எப்படித் தெரிந்துகொள்வது? தேங்காய்ச் சிரட்டைத் துண்டுகள் நாலைத் தரையில் வீசி, எத்தனை நிமிர்ந்து எத்தனை கவிழ்ந்து விழுகின்றன என்று பார்ப்பது ஒரு வழி. அந்தத் துண்டுகளுக்கு சமலோங்கோ என்று பெயர். இன்னொரு வழி வெடிமருந்து. கோடு போட்ட மாதிரி சின்னச் சின்னக் குவியலாக வைத்து, ஒரு கேள்வி கேட்டு, சுருட்டு நெருப்பால் பற்றவைப்பார்கள். எத்தனை குவியல் சேர்ந்து வெடித்தன, எத்தனை மிச்சம் நின்றன என்பதில் பதில் இருக்கிறது. பேச்சு முடிந்தால் அந்தச் சமாதி மண்ணும், சிலர் வழக்கத்தில் எலும்பும், சட்டிக்கு வரும். சட்டிக்குள் மண்டையோடு இருந்தால் கியும்பா என்பார்கள், ஆவி யோசிக்கவும் பேசவும் தலை வேண்டும் அல்லவா.

இந்த உறவு பக்தனுக்கும் தெய்வத்துக்கும் உள்ள உறவு அல்ல என்பதைக் கவனியுங்கள். முதலாளிக்கும் வேலையாளுக்கும் உள்ள உறவு மாதிரி இருக்கிறது. காசு கொடுத்து ஒப்பந்தம், சாப்பாடு, கட்டளை, சங்கிலி. பாலோ வீட்டில் குருவுக்கு உதவி செய்பவரின் பதவிப் பெயர்கூட மயோர்தோமோ, பண்ணைக் கணக்குப்பிள்ளை மாதிரியான பதவி. தோட்டத்தில் தங்களை எப்படி நடத்தினார்களோ அந்த அனுபவத்தின் சுவடு மதத்துக்குள் வந்து தங்கிவிட்டது என்று ஆய்வாளர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே வேலையாள் கோபித்துக்கொண்டால் முதலாளி தப்ப முடியாது. சோறு போடாமல் விட்டால், சொன்ன சொல்லை மீறினால், ன்ஃபும்பே திரும்பிக் கடிக்கும் என்ற பயம் ஒவ்வொரு பாலேரோவுக்கும் உண்டு. பாலேரோ என்பது இந்த மதத்தைப் பின்பற்றுபவருக்குப் பெயர், பெண் என்றால் பாலேரா.

எஸ்தேபான் மொந்தேஹோ என்று ஒருவர் இருந்தார். அடிமையாகப் பிறந்து, தோட்டத்திலிருந்து தப்பி, காட்டில் தனியே பல காலம் ஒளிந்து வாழ்ந்தவர். 1963இல் நூறு வயதைத் தாண்டிய அவரை மிகேல் பர்னெத் என்ற எழுத்தாளர் சந்தித்து அவர் வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்தார். கோங்கோக்காரர்கள் பெரிய பானையை நடுவில் வைத்து மேளம் கொட்டிப் பாடியதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எசமான் யாரையாவது அடித்துக் கொடுமைப்படுத்தினால், கொஞ்சம் மண்ணை அள்ளி அந்தப் பானையில் போடுவார்களாம். எசமானுக்கோ அவர் வீட்டில் ஒருவருக்கோ நோய் வரும் என்று. பானைக்குள் மண் இருக்கும்வரை அவன் உள்ளே சிறைப்பட்டவன். சவுக்கைத் திருப்பிப் பிடிக்க வழியே இல்லாதவர்களிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தப் பிடி மண். பாலோவில் தாக்குகிற சடங்குகள் ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் இந்தக் காட்சியை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இந்த மதத்தில் சேர்வதற்கு ஸ்பானிய மொழியில் ராயார்சே என்கிறார்கள், கீறிக்கொள்வது. கண்ணைக் கட்டி, கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, வெறுங்காலோடு உள்ளே கூட்டிப்போவார்கள். மூலிகைத் தண்ணீரில் குளிப்பு நடக்கும். நெஞ்சிலும் தோளிலும் கையிலும் சிறு சிறு கோடுகளாகக் கத்தியாலோ முள்ளாலோ கீறுவார்கள். அந்த ரத்தத்தில் கொஞ்சம் பானைக்குப் போகும், பானையின் சாம்பலும் மண்ணும் அந்தக் கீறலுக்குள் வரும். அன்றிலிருந்து அந்தப் பானை அவருக்கு உறவு. புதிதாய்ச் சேர்ந்தவர் ங்கேயோ. பல வருஷம் கற்றுத் தனிப் பானை பெறுகிறவர் தாத்தா. நம் தாத்தா மாதிரியே உச்சரிப்பு, ஆனால் கிகோங்கோவில் அப்பா என்று அர்த்தம். பெண் குரு யாயா. வழிபாடு நடக்கும் வீட்டுக்கு முனான்சோ என்று பெயர். சிலருக்கு அது கொல்லைப்புறத்துக் கொட்டகை, நகரத்தில் இருப்பவருக்கு ஓர் அலமாரிக்குள் அடங்கிவிடும். பெண்களுக்கு இங்கே கட்டுப்பாடு அதிகம், மாதவிலக்கு நாட்களில் பானையின் பக்கமே வரக்கூடாது. இது எனக்குப் பிடிக்காத ஒன்று.

சடங்கு தொடங்கும்போது தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வரைபடம் போடுவார்கள். வட்டம், சிலுவை, அம்பு, பிறை, மண்டையோடு என்று குறிகள் பின்னிய படம். இதற்கு ஃபிர்மா என்று பெயர், கையெழுத்து என்று பொருள். ஒவ்வொரு சக்திக்கும் ஒரு கையெழுத்து, ஒவ்வொரு குருவுக்கும் தனக்கென ஒன்று. உற்றுப் பார்த்தால் நான் மேலே சொன்ன அந்த வட்டமும் சிலுவையும் அதற்குள் எங்காவது இருக்கும். படம் போட்டதும் பாட்டு. ஸ்பானியமும் கிகோங்கோவும் கலந்த ஒரு தனி மொழியில், ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும் பாட்டு, பெயர் மாம்போ. ஆமாம், பிற்பாடு உலகமெங்கும் நடனமாய்ப் பரவிய மாம்போவுக்கும் அதே கோங்கோ சொல்தான். கியூப இசையின் பெரிய மேதைகளில் ஒருவரான அர்செனியோ ரொத்ரீகெஸ் கோங்கோ வழிவந்தவர், அவர் பாட்டுகளில் இந்தச் சொற்கள் சர்வசாதாரணமாய் வந்துபோகும். பாட்டின் நடுவே குரு சாராயத்தை வாயில் வைத்துப் பானைமேல் பூவாகத் தெளிப்பார். பலி உண்டு, பெரும்பாலும் சேவல், சில சமயம் ஆடு. சில நேரம் ஆவி யார்மேலாவது இறங்கிப் பேசும்.

மக்கள் பாலேரோவிடம் எதற்கு வருகிறார்கள்? நோய், வழக்கு, வேலை, விட்டுப்போன கணவன், யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம். பெரும்பாலும் மூலிகைக் குளிப்பும், கழிப்பும், காப்புப் பொதியும்தான் நடக்கும். இலை, வேர், பட்டை பற்றிய இவர்களின் அறிவு மிகப் பெரியது. அதைக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்த லிதியா கப்ரேரா என்ற கியூப அறிஞருக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

கிளைகள் மூன்று: மயோம்பே, பிரியும்பா, கிம்பிசா. இதில் கிம்பிசா 19ஆம் நூற்றாண்டில் அந்திரேஸ் பெத்தித் என்பவர் உண்டாக்கியது, அவர் பக்தியுள்ள கத்தோலிக்கரும்கூட, அதனால் இங்கே பானைக்குப் பக்கத்திலேயே சிலுவையும் தீர்த்தமும் இருக்கும். இன்னொரு பாகுபாட்டையும் சொல்லவேண்டும், புதிதாய்ப் படிப்பவர்கள் தவறாமல் தடுக்கிவிழும் இடம் இது. சில பானைகளைக் கிறிஸ்தவப் பானை என்றும் சிலவற்றை யூதப் பானை என்றும் சொல்வார்கள். முதலாவது தீர்த்தம் தெளித்தது, நல்லதுக்கு. இரண்டாவது தெளிக்காதது, தாக்குவதற்கு. இதற்கும் யூத மதத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஞானஸ்நானம் பெறாத எல்லோரையும் யூதன் என்று இழித்துச் சொன்ன பழைய ஸ்பானியர்களின் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். மோசமான சொல், மாற்றினால் நல்லது.

இப்போது கெட்ட பெயருக்கு வருகிறேன். 1904இல் ஹவானா மாகாணத்தில் ஒரு சின்னக் குழந்தை கொலையானபோது, பத்திரிகைகள் கறுப்பு மந்திரவாதிகள் இதயத்துக்காகக் கொன்றதாக எழுதித் தள்ளின. 1906இல் கறுப்பினத்தவர் இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதன்பிறகு எங்கே குழந்தை காணாமல் போனாலும் சந்தேகம் மேளச் சத்தம் கேட்ட வீட்டின் மேல்தான். 1989இல் மெக்சிகோவின் மத்தமோரோஸ் அருகே ஒரு பண்ணையில் 15 உடல்கள் தோண்டி எடுக்கப்பட்டன. போதைப்பொருள் கும்பல் ஒன்றின் தலைவன் பாலோவின் சில சடங்குகளை எடுத்துத் தன் இஷ்டத்துக்குத் திரித்து மனிதர்களைக் கொன்றிருந்தான். பாலோவில் நரபலி கிடையாது, ஏற்கெனவே இறந்தவரோடுதான் எல்லாப் பேச்சும். ஆனால் அந்த ஒரு செய்தி போதும், உலகம் முழுக்க பாலோ என்றால் கொலை என்று பதிந்துவிட்டது.

அதற்காக எல்லாப் புகாரும் கட்டுக்கதை என்று நான் சொல்லமாட்டேன். எலும்புக்காகச் சமாதிகளை உடைப்பது நடக்கிறது. வெனிசுவேலாவின் கரகாஸ் நகரத்துப் பெரிய இடுகாட்டில் வரிசை வரிசையாக உடைந்துகிடக்கும் சமாதிகளைப் பற்றிப் பல வருஷமாகச் செய்திகள் வருகின்றன. எலும்பு வாங்க ஆள் இருக்கும்போது விற்கவும் ஆள் வருகிறான். தன் அம்மாவைப் புதைத்த இடம் தோண்டப்பட்டுக் கிடப்பதைப் பார்க்கும் பிள்ளையிடம் போய் மத உரிமை என்று பேச எனக்கு வாய் வராது. மண் மட்டும் போதும், எலும்பு தேவையில்லை என்று செய்கிற குருமார்களும் இருக்கிறார்கள், என் மனம் அவர்கள் பக்கம்தான்.

இன்று பாலோ கியூபாவோடு நிற்கவில்லை. மயாமி, நியூயார்க், மெக்சிகோ, வெனிசுவேலா என்று கியூபர்கள் போன இடமெல்லாம் பானையும் போயிருக்கிறது. கியூபாவில் 1991இல் மத நம்பிக்கை உள்ளவர்களையும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக ஏற்கத் தொடங்கியது, மறுவருஷம் அரசியல் சட்டத்திலும் நாத்திக அரசு என்பது போய் மதச்சார்பற்ற அரசு என்று வந்தது. அப்புறம் இந்த மதங்களெல்லாம் வெளிப்படையாக மூச்சுவிட ஆரம்பித்தன. பலர் பாலோவையும் சாந்தேரியாவையும் சேர்த்தே பின்பற்றுகிறார்கள், ஆனால் வரிசை உண்டு: இரண்டிலும் சேர விரும்புகிறவர் முதலில் பாலோவில் கீறிக்கொண்டுவிட வேண்டும். இறந்தவர் முதலில், தெய்வம் அடுத்து. இறந்தவரே தெய்வத்தைப் பெற்றார் என்று அதற்கு ஒரு சொலவடையும் வைத்திருக்கிறார்கள். இரண்டு பானைகளையும் ஒரே அறையில் வைக்கமாட்டார்கள், ன்ஃபும்பே வேறு, ஒரிஷா எனப்படும் சாந்தேரியாவின் தெய்வம் வேறு.

குரு இறந்துபோனால் பானை என்ன ஆகும் என்று கேட்கலாம். சீடர்கள் கூடி சமலோங்கோ வீசி ன்ஃபும்பேயிடமே கேட்பார்கள்: இன்னாரோடு இருக்கிறாயா, இல்லை, போகிறாயா? இருக்கிறேன் என்றால் பானை அடுத்தவர் கைக்கு மாறும், சாப்பாடும் சாராயமும் தொடரும். போகிறேன் என்றால் குச்சிகளை ஒவ்வொன்றாக உருவி, சட்டியைக் காட்டுக்குக் கொண்டுபோய், ஒரு மரத்தடியில் குழிதோண்டி, மண்ணையும் எலும்பையும் கட்டையையும் அதில் இறக்கி மூடிவிடுவார்கள்.